பம்பு ‘போகலியா’ ஆன வருடம்

அப்பா ரங்கூனை ஒட்டிய இன்சீனில் அரசாங்கப் பெட்ரோல் பம்பில் வேலை பார்த்தார். அம்மா அதே சாலையில், பம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வாதுமை மரத்தடியில் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி வைத்து விற்றாள். முதலாவது சட்டப்படியான வேலை. இரண்டாவது சட்டத்துக்குப் புறம்பானது. எங்கள் வீட்டில் உலை வைத்தது இரண்டாவதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அந்தக் காலத்தில் கார் வைத்திருப்பவருக்கு அரசாங்கம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து மலிவு விலையில் பெட்ரோல் கொடுத்தது. கோட்டா என்போம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சாலையோரத்தில் வாங்க வேண்டும், பல மடங்கு விலைக்கு. ஆகவே ரங்கூனில் காரை ஓட்டிச் சம்பாதித்தவர்களைவிடக் காரைக் கியூவில் நிறுத்திச் சம்பாதித்தவர்கள் அதிகம். வெளிச்சம் வரும்போதே கியூ ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும். கோட்டாவைப் போட்டுக்கொண்ட கையோடு டிரைவர்கள் அம்மாவிடம் வந்து டாங்கியைத் திறப்பார்கள். அம்மா ரப்பர் குழாயின் ஒரு முனையை டாங்கிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவாள். பெட்ரோல் வாய்க்கு வந்து சேருவதற்கு முன்னால் குழாயை இறக்கிக் கேனுக்குள் விட வேண்டும். பல தடவை தப்பிவிடும். துப்பிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வாள். வீட்டில் குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அம்மாவின் நாக்குக்கு ருசி தெரியாமல் போய் வெகு காலம் ஆகிவிட்டது. அப்பாவும் நானும் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டு எழுந்துவிடுவோம்.

நான் படித்தது அந்தப் பெட்ரோலில்தான்.

எங்கள் தெருவில் ஒரு பாய் இருந்தார். கடலோரத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். இன்சீன் மார்க்கெட்டில் ஆணி, பூட்டு, வாளி விற்கும் சிறு கடை. அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. ஜீப்பில் என்ஜின் கிடையாது, அதை எப்போதோ விற்றுவிட்டார். ஆனால் டாங்கி இருந்தது, நான்கு சக்கரங்கள் இருந்தன, வண்டி அவர் பெயரில் இருந்தது. அதனால் கோட்டாவும் இருந்தது. தினம் காலையில் பாய் தொப்பி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

“என்ன பாய், என்ஜின் சத்தமே கேக்கலியே,” என்பார் அப்பா, குழாயைச் செருகியபடி.

“சீமை வண்டி. சத்தம் வராது. நீ ஊத்து.”

“தெனமும் இவ்ளோ போடுறீங்களே, அப்படி எங்கதான் போறீங்க?”

“ஹஜ்ஜுக்கு. நீயும் ஏறிக்கிறியா?”

தள்ளுகிறவர்கள் சிரிப்பார்கள். பர்மிய டிரைவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அவர்களும் சிரிப்பார்கள். ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போய் அம்மாவின் மரத்தடியில் நிறுத்துவார்கள். இப்படித்தான் எல்லாம் நடந்தது. யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை.

எண்பத்தெட்டில் நான் கைக்குழந்தை. அந்த வருடத்தோடு நாட்டில் சோஷலிசம் முடிந்துவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தச் சொல்லைப் பலகைகளிலிருந்து எடுத்தார்கள். பம்பை எடுக்கவில்லை. கியூவை எடுக்கவில்லை. நான் நடக்கப் பழகியதிலிருந்து மீசை முளைத்தது வரைக்கும் கியூ அதே இடத்தில் இருந்தது.

தாத்தா ரயில்வே பட்டறையில் கூலியாக இருந்தவர். அப்பாவுக்குப் பர்மியில் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பேச்சு மட்டும் தண்ணீர்பட்ட பாடு. எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்தேன். பாடத்தில் சொல்லியிருந்ததைப் புரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்தது போலிருந்தது. விலையை அடக்கி வைத்தால் வரிசை வளரும், விலையை விட்டுவிட்டால் வரிசை கரையும். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வரிசை கரைஞ்சா நாம எங்கடா போறது?”

“நாட்டுக்கு அதுதான்மா நல்லது.”

“நாட்டுக்கு நல்லது, சரி. நம்ம வீடு எந்த நாட்டுல இருக்கு?”

பதில் சொன்னேன், நீளமாக. இப்போது நினைவில்லை. அவள் அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, பம்புகளைத் தனியாருக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊர்ஜிதமானது. ரேடியோவில் சொன்னார்கள். தனியார் என்பதற்கு ரேடியோ சொன்ன பர்மியச் சொல் ‘பொக்கலிக’. பாலி மொழியிலிருந்து வந்த சொல். பத்திரிகையிலும் ரேடியோவிலும் இருக்கும், வாயில் வராது. சந்தையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அம்மா அதற்கு முன் அதைக் கேட்டதே இல்லை.

“என்னடா சொல்றான்? போகலியாவா?”

“பொக்கலிகம்மா. தனியாருக்குக் கொடுக்கிறது.”

“அப்ப பம்பு போகலியா ஆகப்போவுதா?”

அப்பாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சொல். “என்ன, பம்பு போகலியா ஆயிருச்சா?” என்று அம்மா கேட்பாள். “நான் இன்னும் போகலியா ஆகல, வேலைக்குப் போறேன்,” என்று அப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்குவார். பாய் ஒரு படி மேலே போனார். தன் ஜீப்தான் இந்த நாட்டின் முதல் போகலியா என்றார். அது எங்கேயும் போனதில்லை அல்லவா.

பேச்சு கியூவில் பரவிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். டாக்ஸிக்காரர்கள், பிக்கப் வைத்திருந்தவர்கள், மாவ்பியிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவர்கள், ஒருவர் விடாமல் கியூவைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒழியட்டும் இந்த அரசாங்கப் பம்பு என்று சாயாக் கடையில் தைரியமாகவே சொன்னார்கள். அரசாங்கமே விற்கிறேன் என்று சொல்லிவிட்டதால் அதைத் திட்டுவதில் ஆபத்தில்லை. கோட்டாவை விற்றுப் பிழைத்தவர்களும் அதையே சொன்னார்கள். கியூ போனால் தாங்கள் விற்க எதுவுமிருக்காது என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் கியூவை வெறுத்தார்கள். அம்மா மட்டும் பாட்டில்களை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்தாள்.

பிறகு பம்பை யார் வாங்கினார்கள் என்பது தெரிந்தது. பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் பெரிய இடத்துக்கு வேண்டியவர் என்று இன்சீன் முழுக்கத் தெரியும். ஏலம் நடந்ததா, எங்கே நடந்தது, அதில் வேறு யாராவது கலந்துகொண்டார்களா என்று சாயாக் கடையில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. திட்டு நின்றது. புகழ்ச்சியும் நின்றது. எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. மழை வருகிறது என்று கேள்விப்பட்டவர்கள் குடையைத் தேடுவார்களே, அப்படி ஆளாளுக்குத் தன் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பாய் மட்டும் ஒரு தடவை சொன்னார். அவருடைய வாப்பாவுக்கு நகரத்தில் பெரிய துணிக்கடை இருந்தது. சோஷலிசம் வந்த காலத்தில் மக்கள் உடைமை என்று சொல்லி அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

“எடுக்கும்போது மக்கள் பேரச் சொல்லி எடுத்தான். விக்கும்போது மக்கள்ட்ட ஒரு வார்த்த கேக்கல.”

“உங்களுக்குக் கோவமா பாய்?” என்று நான் கேட்டேன்.

“கோவமா? எனக்குக் கடைல வாளி விக்கணும்ப்பா,” என்றார்.

என் பாடப் புத்தகத்தில் சீர்திருத்தத்தின் பலன் கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் அதை ஆதரிப்பார்கள் என்ற பொருளில் ஒரு பகுதி இருந்தது. நான் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதித் தேறியும் இருந்தேன். அந்த வருடம் என்னைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தபோது அந்தப் பகுதி தப்பு என்று தோன்றவில்லை. அது யாரைப் பற்றியது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நாட்டைப் பற்றிய கேள்வி இல்லை. ஒரே கேள்விதான் இருந்தது: அப்பா இன்சீனிலேயே இருப்பாரா, எங்கேயாவது அனுப்பிவிடுவார்களா. பம்பில் வேலை செய்தவர்களுக்கு இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். அரசாங்க ஊழியராகவே தொடரலாம், பென்ஷன் உண்டு, ஆனால் எந்த ஊர்க் கிடங்குக்கு மாற்றினாலும் போக வேண்டும். அல்லது அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் புதிய முதலாளியிடம் சேரலாம், பென்ஷன் கிடையாது, ஆனால் இதே பம்பு, இதே ஊர்.

அப்பா இன்சீனை விட்டு வெளியே தங்கியதில்லை. அம்மாவின் வியாபாரமும் எப்படியும் போகப்போகிறது. ஆளுக்கொரு ஊரில் இரண்டு அடுப்பு எரிக்க எங்களால் ஆகாது. தவிர, குழாயின் எந்தக் கைப்பிடி எவ்வளவு இறுகும் என்று தெரிந்தவனைப் புதிய முதலாளி விடமாட்டார் என்று அப்பா நம்பினார். நானும் அப்படியே நினைத்தேன். பென்ஷனை நினைத்து அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, போகலியாவே ஆயிருங்க. கண்ணு முன்னால இருந்தாப் போதும்,” என்றாள்.

முடிவாகிவிட்டது. யார் எந்தப் பக்கம் என்று கேட்க ஊழியர்களுக்குக் கூட்டம் போடுவார்கள், அதில் சொன்னால் சரி.

அப்பாவோடு பம்பில் இன்னொரு தமிழர் வேலை பார்த்தார். அப்பாவைவிட வயதில் இளையவர். உறவில்லை, ஆனாலும் நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். பர்மியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அலுவலகத்தில் எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் அப்பாவுக்கும் சேர்த்து அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். அவரும் புதிய முதலாளியிடம் போவதென்று முடிவு செய்திருந்தார்.

கூட்டம் பம்பின் பின்னாலிருந்த கொட்டகையில் நடந்தது. நான் அங்கில்லை. அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைத்தான் கேட்டேன். சித்தப்பா வந்தபோதே முகம் சரியாக இல்லை. அம்மா கொடுத்த சாயாவை வாங்கிக் கீழே வைத்தார்.

“ஏண்ணே, கடைசி நேரத்துல மனச மாத்திக்கிட்டீங்களே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல.”

“என்னத்த மாத்துனேன்?”

“கவர்மெண்டுலயே இருக்கேன்னு உக்காந்துட்டீங்கள்ல.”

“யாரு உக்காந்தா? நீதான வந்து கேட்ட. ஆமான்னு சொன்னேன்ல.”

“நான் என்ன கேட்டேன்?”

“போகலியாண்ணேன்னு கேட்ட.”

“ஆமா. எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க, நீங்க உக்காந்திருக்கீங்க. அதான் போகலியாண்ணேன்னு கேட்டேன். நீங்க ஆமான்னீங்க. சரி, போகல போலன்னு விட்டுட்டேன்.”

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்தப் போகலியான்னு நெனச்சேன்,” என்றார்.

“எந்தப் போகலியா?”

“நம்ம வீட்டுப் போகலியா.”

அம்மாதான் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டுச் சொல் தெரியாது. நான் விளக்கிச் சொன்னதும் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியாக அப்பாவும் சிரித்தார். கொஞ்ச நேரம் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு சித்தப்பா ஆறிப்போன சாயாவை எடுத்துக் குடித்தார்.

நடந்தது இதுதான். மைக் கரகரத்திருக்கிறது. பொக்கலிகவுக்குப் போகிறவர்கள் எழுந்து வலது பக்கச் சுவரோரம் போய் நில்லுங்கள், மற்றவர்கள் அப்படியே உட்காருங்கள் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருந்த அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. வலது பக்கச் சுவரோரம்தான் சாயாக் கெட்டில் வைத்திருந்தார்களாம். எழுந்து போகிறவர்கள் சாயா குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அப்போது சித்தப்பா குனிந்து, போகலியாண்ணே என்று கேட்டிருக்கிறார். பொக்கலிகவா அண்ணே என்று கேட்டு எழுதிக்கொள்ள வந்திருக்கிறான், வழக்கம்போலத் தனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான் என்று நினைத்து அப்பா ஆமா என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் பெயரை அரசாங்கப் பக்கம் எழுதிக்கொண்டார்கள்.

“நாளைக்கே போய்ச் சொல்லிரலாம்ணே,” என்றார் சித்தப்பா.

மறுநாள் போய்ச் சொன்னார்கள். அதிகாரி கோபப்படவில்லை. பெயர்கள் மேலே போய்விட்டன என்றார். அடுத்த நாளும் போனார்கள், அன்றைக்கும் அதையே சொன்னார். வாரம் முடிவதற்குள் அப்பாவுக்கு ஊர் குறித்து வந்தது. மேல்பர்மாவில் ஆற்றங்கரையில் ஒரு எண்ணெய்க் கிடங்கு. அந்த ஊர்ப் பெயரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா அதைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

புதிய முதலாளியின் ஆட்கள் அதற்குள் பம்பில் வண்ணம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மேனேஜர் ஒருவர் வந்து ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவயதுப் பர்மியர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத லுங்கி. நான் அவரைப் பார்க்கப் போனேன். படித்தவன் பேசினால் கேட்பார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பர்மியில் கோத்துக்கொண்டே போனேன்.

“சயா, எங்கப்பா விருப்பம் பொக்கலிகதான். கூட்டத்தில் காது கேட்காமல் தவறு நடந்துவிட்டது,” என்றேன். சயா என்றால் ஆசிரியர், பெரியவர், முதலாளி எல்லாம்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். தமிழில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்பதையும் விளக்கினேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“போகலியா. போகவில்லையா என்று அர்த்தமா?”

“ஆமாம் சயா.”

“நல்ல வேடிக்கை. ஆனால் தம்பி, உன் அப்பா அரசாங்கத்தின் ஆள். அரசாங்கம் விடாமல் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. ராஜினாமா செய்துவிட்டு வரலாம். வந்தால் வேலை தருவோம் என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள்.”

“அவருக்கு இந்தப் பம்பு முழுக்கத் தெரியும் சயா.”

“இந்தப் பம்பையா? பிடுங்கிப் போட்டுவிட்டோமே. புது மெஷின் வருகிறது.”

வெளியே பார்த்தேன். பழைய குழாய்கள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ பத்திரிகை மாதிரிப் பேசுகிறாய். என்ன படித்திருக்கிறாய்?”

சொன்னேன்.

“கம்ப்யூட்டர்?”

“பழகியிருக்கிறேன்.”

“அப்படியென்றால் நீ வா. இளம் ஆட்கள் வேண்டும். திங்கட்கிழமை பயிற்சி.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுக்கொள் என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தது வீண். கேட்டதும் தலையாட்டினார்.

“ஒருத்தன் உள்ள இருந்தாப் போதும். போய்ச் சேந்துரு.”

“நீங்க ராஜினாமா பண்ணிட்டு வரலாம்னு சொன்னாருப்பா.”

“வேல தர்றேன்னாரா?”

“இல்ல.”

“அப்ப பென்ஷனையும் விட்டுட்டு, வேலையும் இல்லாம வாசல்ல உக்காந்திருக்கவா?” என்றார். குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறவர் போலக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “சட்ட கொடுப்பாங்களா, நாமளே தைக்கணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பா புறப்பட்ட நாளில் மழை. மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வந்தேன், மூன்று பேரும் சாப்பிட்டோம். பாய் ஒரு புது வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார், அங்கே கிடைக்காது, வைத்துக்கொள் என்று. ஸ்டேஷனில் அப்பா வாளிக்குள்ளே துணிமூட்டையை வைத்து மடியில் ஏற்றிக்கொண்டார். ரயில் கிளம்பியபோது கையை அசைத்தாரா என்று நினைவில்லை. ஜன்னலில் வேறு யாரோ முன்னால் வந்துவிட்டார்கள்.

பம்பு திறந்த அன்று கியூ இல்லை. அதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வந்தார்கள். கார் உள்ளே வரும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடுவோம், கார் போய்விடும். விலை பழைய பம்பு விலையைவிடக் கூடுதல், சாலையோர விலையைவிடக் குறைவு. கோட்டா இல்லை, அதைக் குறித்துக் கொடுக்கும் புத்தகம் இல்லை, யாருடைய முகத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஒரு டிரைவர் டாங்கியை நிரப்பிக்கொண்டு, இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். என் பாடப் புத்தகம் சொன்னது ஒரே காலையில் நடந்துவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. குழாயைப் பிடித்தபடி அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கார் வந்தது.

அம்மா சில நாள் பாட்டில்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பாட்டிலை மாமூலாக எடுத்துக்கொண்டு போகும் போலீஸ்காரர்கூட வரவில்லை. நான் பம்பிலிருந்து பார்த்தால் தெரியும். பிறகு பாட்டில்களைக் கழுவி விற்றுவிட்டு, அதே இடத்தில் அடுப்பை வைத்து வடை சுட ஆரம்பித்தாள். முதல் வாரம் வாங்கியவர்கள் இரண்டாம் வாரம் வரவில்லை. உப்பு. அவளால் ருசி பார்க்க முடியாதே. அதனால் தினமும் வேலைக்குப் போகும் முன் நான் மாவில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வேன். “போதும்மா.” “இன்னும் கொஞ்சம்.” அவள் நான் சொல்வதற்காகக் காத்திருந்து, சொன்னபடி செய்வாள். நானும் அவளும் அதிகம் பேசிக்கொண்டது அப்போதுதான்.

பாயின் ஜீப் பழைய இரும்புக்குப் போனது. தள்ளிக்கொண்டு போன இருவரும் கொஞ்ச நாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்கள். ஒருவன் க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சித்தப்பா என்னோடுதான் வேலை செய்தார். என்னை முகத்துக்கு நேரே பார்க்கச் சங்கடப்பட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவரிடம் சொல்லலாம் என்று பல தடவை நினைத்தேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாததால் சொல்லவில்லை.

சாயாக் கடையில் மறுபடி பேச்சு வந்தது. இந்தத் தனியார் விஷயம் நல்லதா கெட்டதா என்று. நல்லதுதான் என்றார்கள். கோட்டாவை விற்றுப் பிழைத்தவர்களும் நல்லதுதான் என்றார்கள். யார் கேட்டாலும் அதே சொல். பர்மியில் ‘கௌங்பாடே’. சோறு எப்படி இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது, மழை எப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அதுதான் பதில். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டால் ஆதரவு.

அப்பா தீபாவளிக்கு லீவில் வந்தார். எந்த நாள் என்று தெரியும், எந்த நேரம் என்று தெரியாது. பகலில் நான் வேலையில் இருந்தபோது ஒரு டாக்ஸி உள்ளே வந்தது. பின் இருக்கையில் அப்பா. பஸ் நிலையத்திலிருந்து வருகிற வழியில் டிரைவர் பெட்ரோல் போட நுழைந்திருக்கிறார். அப்பா மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தார். என் பச்சைச் சட்டையை, தொப்பியைப் பார்த்தார். இறங்கவில்லை. எங்கள் பம்பில் மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ.

நான் குழாயைச் செருகினேன். டிரைவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பேசினார்.

“பார்த்தீங்களா ஊலே, ஒரு ஆள் நிக்கல. முன்ன இங்க அரை நாள் போயிரும். நாடு முழுக்க இப்படியே எல்லாத்தையும் பொக்கலிக ஆக்கிரணும். நீங்க என்ன சொல்றீங்க?”

ஊலே என்றால் மாமா. வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வெளியே பார்த்தார். புது மெஷினில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“கௌங்பாடே,” என்றார்.

“அரசாங்கப் பம்புல இருந்தவங்க எல்லாம் திமிர் பிடிச்சவங்க. எங்க போனாங்களோ.”

“எங்கயாவது இருப்பாங்க,” என்றார் அப்பா.

குழாய் தானாக நின்றது. எடுத்து மாட்டினேன். ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியில் நெஞ்சில் கையை வைத்து, தலையைக் குனிந்து, நன்றி சொல்லி, மறுபடி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. சொல்லாவிட்டால் மேனேஜர் கூப்பிடுவார். நான் ஜன்னலுக்கு நேராக நின்று, கையை நெஞ்சில் வைத்து, பர்மியில் அதைச் சொன்னேன். டிரைவர் கவனிக்கவில்லை, சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்பா மடியிலிருந்த பையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சில வாடிக்கையாளர்கள் பதிலுக்குக் குனிவது போலவே, எனக்குத் தலை குனிந்தார்.

டாக்ஸி எங்கள் தெருப் பக்கம் திரும்பியது. பின்னால் இன்னொரு வண்டி நின்றிருந்தது. நான் அதன் டாங்கி மூடியைத் திறந்தேன்.